தோல்முட்டை சொன்ன செய்தி

நுழையும்முன்

வாய் பேசாத உயிர்கள் தம் துன்பத்தை உடலால் உணர்த்துகின்றன. அவ்வாறு ஒரு கோழி உணர்த்திய செய்தியைக் குடும்பம் ஒன்று எவ்வாறு புரிந்துகொண்டது என்பதை இப்பாடத்தில் படிப்போம்.

நாகபுரி இரயில்வே குடியிருப்பில் மாசி மாதத்து விடியற்காலை. கயல்விழி முட்டை எடுப்பதற்காகக் கொல்லைப்புறக் கூண்டைத் திறந்தாள். நான்கு கோழிகளுள் மூன்று வெளியே ஓடிவந்தன. செம்பி மட்டும் வரவில்லை. அது மூலையில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கயல்விழியைக் கண்டதும் எழ முயன்றது; சிறகுகளை அடித்துக்கொண்டது; கால்கள் தாங்கவில்லை. முதல்நாள் மாலைவரை ஓடித் திரிந்த கோழி அது.

"அம்மாயி! செம்பியால் நிற்க முடியவில்லை!" என்று கயல்விழி கூவினாள்.

அம்மாயி நாமக்கல் அருகிலுள்ள சிற்றூரைச் சேர்ந்தவர். பொங்கலுக்கு மகள் வீட்டிற்கு வந்தவர் இன்னும் ஊர் திரும்பவில்லை. அவர் வருவதற்குள் தம்பி இனியன் ஒரு குவளை நீருடன் வந்து செம்பியின் அலகைப் பிரிக்கத் தொடங்கினான்.

"வேண்டாம் கண்ணு! வலிந்து ஊற்றினால் நீர் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். கிண்ணத்தை அதற்கு எட்டும்படி வை. தானே குடிக்கட்டும்" என்றார் அம்மாயி.

இதற்குள் பக்கத்து வீட்டு அம்மையார் வேலியருகே வந்து எட்டிப் பார்த்தார். "இனி அது பிழைக்காது. இன்றைக்கே அறுத்துவிடுங்கள்" என்று இந்தியில் சொன்னார். கயல்விழியின் முகம் வாடியது.

"அவர் என்ன சொல்கிறார்?" என்று அம்மாயி கேட்டார்.

"பிறகு சொல்கிறேன், அம்மாயி" என்றாள் அவள்.

அம்மாயி செம்பியைத் தூக்கிச் சாக்கு விரித்த அட்டைப்பெட்டியில் வைத்தார். "முதலில் இதனைத் தனியே பிரிக்க வேண்டும். விழுந்து கிடக்கும் கோழியை மற்றவை கொத்தும். நிற்க முடியாமை என்பது ஒரு நோயின் பெயர் அன்று. அஃது ஓர் அறிகுறி. காரணங்கள் பல இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்" என்றார்.

அவர் செம்பியின் பாதங்களைத் திருப்பிப் பார்த்தார். முள்ளோ, வீக்கமோ, கருத்த பொருக்கோ இல்லை. கால்களை மெல்லத் தடவினார். எலும்பு முறிவு தெரியவில்லை. கூண்டில் கிடந்த எச்சத்தை நோக்கினார். பச்சையாகவோ வெள்ளையாகவோ கழியவில்லை. கழுத்து முறுகவில்லை. கொண்டை சிவப்பாகவே இருந்தது. முட்டை உள்ளே சிக்கியிருக்குமோ என்று அடிவயிற்றை மிக மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். கடினமாக எதுவும் தட்டுப்படவில்லை. மற்ற மூன்று கோழிகளும் நலமாக மேய்ந்துகொண்டிருந்தன.

"கடைசியாக எப்போது முட்டையிட்டது?" என்று கேட்டார்.

கயல்விழி தலைகுனிந்தாள். "முந்தாநாள் ஒரு முட்டை கிடந்தது, அம்மாயி. அதற்கு ஓடே இல்லை. தோல்போல் மெத்தென்று இருந்தது. எடுத்ததும் கிழிந்துவிட்டது. நான் உடைத்துவிட்டதாக அம்மா எண்ணுவாரோ என்று அஞ்சி, மண்ணில் புதைத்துவிட்டேன்."

அம்மாயி கடிந்துகொள்ளவில்லை. "அது தோல்முட்டை, கண்ணு. தன் உடலில் ஏதோ குறைகிறது என்று செம்பி அன்றே சொல்லியிருக்கிறது. அதற்கு முன்பு எத்தனை நாளைக்கு ஒருமுறை முட்டையிட்டது?"

"பெரும்பாலும் நாள்தோறும்."

"நம் ஊர் நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இடும், பிறகு அடைகாக்க உட்கார்ந்துவிடும். அது அதற்கு ஓய்வு. காடு கழனியில் கிளறிப் பூச்சியும் நத்தையும் தின்னும். இந்த இனத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. மருத்துவரிடம் கேட்போம், வா."

கால்நடை மருத்துவமனையில் மருத்துவர் இந்தியில் வினவினார். கயல்விழி தமிழில் அம்மாயியிடம் சொன்னாள். அம்மாயி கண்டறிந்தவற்றை மீண்டும் இந்தியில் எடுத்துரைத்தாள். மருத்துவர் செம்பியை ஆய்ந்துவிட்டு, "என்ன தீவனம் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"மீந்த சோறும் ரொட்டித் துண்டுகளும்" என்றாள் கயல்விழி.

மருத்துவர் விளக்கினார்: "இது கிராமப்பிரியா இனம்; ஐதராபாத்தில் உருவாக்கப்பட்டது. மிகுதியாக முட்டையிடும். ஒரு முட்டையோட்டில் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச்சத்து உள்ளது. கோழியின் உடல் முழுவதிலும் இருப்பதோ சுமார் 20 கிராம்தான். ஒவ்வொரு முட்டைக்கும் பத்தில் ஒரு பங்கு வெளியேறுகிறது. சோற்றில் அச்சத்து மிகக் குறைவு. தீவனத்தில் கிடைக்காததை உடல் தன் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதுவும் குறைந்துவிட்டால் தசைகள் வலுவிழக்கும். கோழி திடீரென்று படுத்துவிடும்."

கயல்விழியால் உடனே பேச இயலவில்லை. அவளும் இனியனும் நாள்தோறும் உண்ட முட்டைகள் செம்பியின் எலும்பைக் கரைத்து வந்தவை! தயங்கித் தயங்கி அம்மாயியிடம் அதனைத் தமிழில் சொன்னாள். அம்மாயி அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

மருத்துவர் சுண்ணாம்புச்சத்து மருந்தும் உயிர்ச்சத்து 'டி' துளிகளும் கொடுத்து, அளவைத் தாளில் எழுதித் தந்தார். "இரண்டு நாள்களுக்குள் எழாவிட்டால் மீண்டும் கொண்டு வாருங்கள். அப்போது வேறு காரணத்தைத் தேட வேண்டும்" என்றார்.

அன்று மாலை செம்பி எழவில்லை. கால்கள் மரத்துவிடாதபடி இரவில் இரண்டுமுறை அதனைப் புரட்டிப் படுக்க வைத்தனர். ஈரமான சாக்கை மாற்றினர். மறுநாள் காலை செம்பி இரு கால்களையும் மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. நண்பகலில் எழுந்து நின்றது, நடுங்கியது, மீண்டும் அமர்ந்தது. மூன்றாம் நாள் தள்ளாடியபடி நான்கடி நடந்தது.

அப்பா முட்டைக்கோழித் தீவனம் வாங்கி வந்தார். கயல்விழி கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தாள். தேவையான அளவைக் கோழிகளே கொத்திக்கொள்ளும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"செம்பி எப்போது முட்டையிடும்?" என்று இனியன் கேட்டான்.

"அதற்கு முடியும்போது இடட்டும்" என்றாள் கயல்விழி. பிறகு அம்மாயியின் பக்கம் திரும்பி, பக்கத்து வீட்டு அம்மையார் சொன்னதை அப்போதுதான் தமிழில் சொன்னாள்.

அம்மாயி சிரித்தார். "அவரை வரச்சொல், கண்ணு. செம்பி நடப்பதை வந்து பார்க்கட்டும்."

தெரிந்து தெளிவோம்

கோழிகளைத் தாக்கும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு இந்தியாவில் 'இராணிக்கேத் நோய்' என்னும் பெயரும் உண்டு. இராணிக்கேத் உத்தராகண்ட மாநிலத்தில் உள்ள மலைநகரம். இந்நோயில் கால், சிறகு செயலிழத்தலும் கழுத்து முறுகலும் காணப்படும். இதனைக் குணப்படுத்த மருந்து இல்லை, தடுப்பூசியால் தடுக்கலாம். ஒரே நேரத்தில் பல கோழிகள் விழுந்தால் வெறுங்கையால் தொடாமல் உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். நோயுற்ற கோழியைத் தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவுதல் வேண்டும்.

சொல்லும் பொருளும்

அம்மாயி – தாயின் தாய் (கொங்கு நாட்டு வழக்கு)
கொல்லைப்புறம் – வீட்டின் பின்பக்கம்
அலகு – பறவையின் வாய்
எச்சம் – பறவையின் கழிவு
பொருக்கு – புண்ணின்மேல் காய்ந்த தோல்
அடைகாத்தல் – முட்டைமேல் அமர்ந்து குஞ்சு பொரித்தல்
கிளிஞ்சல் – சிப்பியின் ஓடு

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. செம்பியின் வாயில் நீர் ஊற்றுவதை அம்மாயி ஏன் தடுத்தார்?
2. நாட்டுக்கோழிக்கும் செம்பிக்கும் இடையே அம்மாயி கண்ட வேறுபாடு யாது?

ஆ. விரிவான விடை தருக.
1. செம்பியின் நோய்க்காரணத்தை அறிய அம்மாயி எவற்றையெல்லாம் பார்த்தார்? வரிசைப்படுத்தி எழுதுக.
2. கயல்விழி தோல்முட்டையைப் பற்றி முன்பே சொல்லியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்?

இ. எதிர்மறையாக மாற்றுக.
(எ.கா.) எழுந்தது – எழவில்லை
1. நடந்தது  2. வந்தார்  3. சொன்னாள்

ஈ. செயல்பாடு
அலகு, கொண்டை, எச்சம் ஆகியவற்றை உன் வீட்டுப் பெரியவர்கள் எவ்வாறு சொல்கின்றனர்? நீ வாழும் மாநில மொழியில் அவற்றின் பெயர்கள் யாவை? கேட்டறிந்து அட்டவணையாக எழுதுக.