லாரி ஏறுமுன்

தம்பி,

சேலையூர் அடுக்ககத்துக்கு நீ எழுதிய கழிவு மேலாண்மைத் திட்டத்தைப் படித்தேன். 2016 கட்டுமானக் கழிவு விதிகள் உனக்கு அத்துப்படி. அவை சொன்ன நாளுக்கு 20 டன், மாதத்துக்கு 300 டன் வரம்பு, நான்கு வகையாகப் பிரிப்பது, எதுவும் விடுபடவில்லை. அதில் எனக்குப் பேச்சில்லை.

எரிச்சல் மூட்டியது ஒரு வரி: கழிவை அகற்றுவது லாரிக்காரர் பொறுப்பு என்கிறாய். எங்கே கொண்டுபோய்? தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் ராத்திரியில் ஓடும் ரப்பிஷ் லாரி ஏரிக்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் கொட்டிவிட்டுப் போவது உனக்குத் தெரியாததா? 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிக் கிடந்ததைப் பார்த்தவன் நான். தண்ணீர் போக வேண்டிய வழியில் நம் இடிபாட்டைக் கொட்டினால் அது வீட்டுக்குள்தான் வரும். கொட்டிய இடத்தின் பெயரும் எடைச் சீட்டும் வராமல் லாரி பில்லில் கையெழுத்துப் போடாதே.

இன்னொன்று. உன் திட்டம் குப்பை விழுந்த பிறகுதான் தொடங்குகிறது. குப்பை பிறப்பதோ வரைபடத்தில். பத்தடி அறையில் 60 செ.மீ. டைல்ஸ் ஐந்து போட்டால் 300 செ.மீ.; மிச்சமிருக்கும் 5 செ.மீ. பட்டைக்காக நல்ல டைல்ஸை அறுக்கிறோம். பூச்சு காய்ந்த பிறகு எலக்ட்ரீசியன் வந்து சுவரை வெட்டுகிறான். பூசிய சுவரை வெட்டுவதை நான் எந்த சைட்டிலும் பொறுத்ததில்லை, நீயும் பொறுக்காதே.

நான் வேலை பழகிய காலத்தில் பல்லாவரத்தில் ஒரு மேஸ்திரி இருந்தார். உடைந்த செங்கல் ஒன்றுகூட வாசலைத் தாண்டாது. பெண்கள் உட்கார்ந்து அதைச் சுத்தியலால் ஜல்லியாக உடைப்பார்கள். சுண்ணாம்போடு கலந்து மொட்டைமாடியில் பரப்பி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துக் கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அதன்மேல் தட்டோடு. ஒழுகாது. இன்று ஜல்லிக்கான ஐ.எஸ். 383 தரநிர்ணயம், 2016 திருத்தத்தில், எம்25 தரம் வரையான கம்பிக் கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை பழைய கான்கிரீட் ஜல்லி சேர்க்க இடம் தருகிறது. உன் திட்டத்தில் அதற்கு ஒரு வரி இல்லையே, ஏன்?

ஆனால் கடைசிப் பக்கத்தில், கொத்து, பூச்சு, டைல்ஸ் என்று வேலைவாரியாக அன்றாடக் கழிவை எடைபோட்டு எழுதியிருக்கிறாயே, அதைப் பார்த்து அசந்துபோனேன். என் காலத்தில் ஒருவரும் அதைச் செய்யவில்லை. அதைத் தூக்கி முதல் பக்கத்தில் வை. அடுத்த தளத்துக்குச் செங்கல் இறங்குவதற்குள் கொத்தனார், எலக்ட்ரீசியன், பிளம்பர் மூவரையும் அந்தக் கணக்கைச் சுற்றி உட்காரவை. என்னையும் கூப்பிடு, வருகிறேன்.