பரணில் பிறந்த ‘பக்கனீர்’!



கடற்கொள்ளையனை ஆங்கிலத்தில் ‘பைரேட்’ என்பார்கள், ‘பக்கனீர்’ என்றும் சொல்வார்கள். இந்த இரண்டாவது சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன். அங்கே கப்பலும் இல்லை, கத்தியும் இல்லை. இருந்தது என்ன தெரியுமா? கறி வாட்டும் ஒரு மரப் பரண்!

பிரேசில் பழங்குடிகளான துப்பி மக்கள் குச்சிகளால் பரண் கட்டி, அதன்மேல் இறைச்சியைப் பரப்பி, அடியில் மெல்லிய தீ மூட்டிப் புகை போடுவார்கள். அவர்களுடைய சொல் பிரெஞ்சுக்காரர் வாயில் ‘பூக்கான்’ ஆனது. அப்படிக் கறி வாட்டுகிறவன் ‘பூக்கானியே’. அதுவே ஆங்கிலத்தில் ‘பக்கனீர்’.

புகை போட்டால் கறி ஏன் சீக்கிரம் கெடுவதில்லை? சூட்டில் ஈரம் வற்றுகிறது. ஈரம் குறைந்தால் பாக்டீரியா பெருகாது. புகையில் உள்ள பீனால் வகைப் பொருள்கள் கொழுப்பில் காறல் வாடை வராமல் தடுக்கின்றன. நம்மூர் உப்புக்கண்டத்துக்கு உப்பும் வெயிலும் செய்கிற வேலையை அங்கே புகை செய்தது. அவ்வளவுதான்!

சரி, கறி வாட்டியவன் கொள்ளைக்காரன் ஆனது எப்படி?

கரீபியன் கடலில் ஹிஸ்பானியோலா என்றொரு தீவு. இன்றைய ஹெய்ட்டியும் டொமினிக்கன் குடியரசும் அதில்தான் இருக்கின்றன. அங்கே மாடு, பன்றிகளைக் கொண்டுவந்தவர்கள் ஸ்பானியர்கள். வேற்று நாட்டாருடன் கள்ள வியாபாரம் நடக்கிறது என்று சொல்லி, 1605-06ல் ஸ்பெயின் அரசு தீவின் வடக்கு, மேற்குப் பகுதி ஊர்களைக் காலி செய்தது. கேட்பாரற்ற மாடுகள் காட்டில் பெருகின. பிழைப்புத் தேடி வந்த பிரெஞ்சுக்காரர்கள் அவற்றை வேட்டையாடி, தோலையும் வாட்டிய கறியையும் அவ்வழியே வந்த கப்பல்களுக்கு விற்றார்கள்.

ஸ்பெயினுக்கு இது பொறுக்கவில்லை. வேட்டைக்காரர்களை விரட்டியது. அவர்கள் நம்பியிருந்த மாடுகளையும் கொன்று குவித்தது. பிழைப்பு போச்சு! பக்கத்திலிருந்த தோர்த்துகா தீவில் கூடினார்கள். ஸ்பானியக் கப்பல்களைத் தாக்கினார்கள். பழைய தொழிலின் பெயர் புதிய தொழிலுக்கும் ஒட்டிக்கொண்டது. பிறகு, பரண் பக்கமே போகாதவனுக்கும் அதே பெயர்தான்.

1671ல் பனாமா நகரைச் சூறையாடிய ஹென்றி மார்கனும் ஒரு பக்கனீர்தான். 1674ல் இங்கிலாந்து மன்னர் அவருக்கு ‘சர்’ பட்டமே கொடுத்தார்!

கொள்ளையை நான் நியாயப்படுத்த வரவில்லை. அடிபட்டவனுக்கு யார் அடித்தாலும் வலி ஒன்றுதான். ஆனால் உழைப்பாளியின் பெயர் ஒன்று வசைச்சொல் ஆகிவிட்டால், அவன் கையிலிருந்த வேலையைப் பறித்தது யார் என்றும் ஒரு கேள்வி கேட்க வேண்டாமா?

நாளை நம்மையும் ஃபிட்டர், டர்னர், வெல்டர் என்று தொழிலின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் கெடாமல் இருக்க நம் ஒழுக்கம் வேண்டும், தோழர்களே. கூடவே வேலையும் வேண்டும்!