தனிப்புரதத்தை விட்டுத் திரளை மட்டும் பிடிக்க: ஒரு டி.என்.ஏ. உணரி செய்யும் முறை

பார்க்கின்சன் நோயாளிகளின் மூளைச் செல்களில் திரண்டு கிடப்பது ஆல்ஃபா-சைனியூக்ளின். 140 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதம் நலமானவர் மூளையிலும் நிறைய உண்டு. சிறு சிறு திரள்களாகச் சேரும்போதுதான் அது செல்லை அதிகம் பாதிக்கிறது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஆகவே நம் உணரி திரளைப் பிடித்தால் மட்டும் போதாது. தனிப்புரதத்தைத் தொடாமல் விடவும் வேண்டும்.

முதலில் தனிப்புரதம், சிறுதிரள், முற்றிய புரத இழை மூன்றையும் தனித்தனிக் குழாய்களில் எடுத்துக்கொள்ளுங்கள். சிறுதிரளைப் பிரித்த அன்றே பயன்படுத்துங்கள். வைத்திருந்தால் உருமாறிவிடும்.

அடுத்தது ஆப்டாமர், அதாவது இலக்கைப் பற்றிக்கொள்ளும்படி மடியும் டி.என்.ஏ. இழை. இதைத் தேர்ந்தெடுக்கும் செலெக்ஸ் என்னும் முறை 1990-இல் வந்தது. இரு முனைகளும் நிலையாக, நடுவே 40 எழுத்துகள் தாறுமாறாக அமைந்த கோடி கோடி இழைகளோடு தொடங்குங்கள். இந்தக் கலவையை முதலில் தனிப்புரதத்தின் மேல் ஓடவிட்டு, ஒட்டியதை எறிந்துவிடுங்கள். மிஞ்சியதைச் சிறுதிரளின் மேல் விட்டு, ஒட்டியதை மட்டும் பி.சி.ஆரில் பெருக்குங்கள். இப்படிப் பத்துச் சுற்று வரை போகலாம். எறியும் படியை ஒரு சுற்றில்கூடத் தவிர்க்காதீர்கள். உணரியின் தரம் இங்கேதான் முடிவாகிறது.

நேரமில்லையென்றால் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட டி-எஸ்ஓ508 என்ற ஆப்டாமரை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அல்சைமர் நோயின் அமிலாய்டு-பீட்டா சிறுதிரளையும் பற்றும். திரள் இருக்கிறதா என்பதைச் சொல்லும், எந்தப் புரதத்தின் திரள் என்பதைச் சொல்லாது.

தேர்ந்த ஆப்டாமர் இழையின் ஒரு முனையில் தங்கத்தில் ஒட்டும் தயோலும் மறுமுனையில் மின்னோட்டம் தரும் மெத்திலீன் புளூவும் சேர்த்து வாங்குங்கள். தாங்கல் கரைசலில் 95 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கி மெதுவாக ஆறவிட்டால் சரியாக மடியும். பிறகு தங்க மின்முனையில் பதித்து, இடைவெளிகளை மெர்காப்டோஹெக்சனால் கொண்டு நிரப்புங்கள். திரள் ஒட்டும்போது இழை வடிவம் மாறி, அதனால் மின்னோட்டம் மாறுவதைத்தான் அளக்கிறோம். இழைகள் நெருக்கியடித்து நின்றால் வடிவம் மாற இடமிருக்காது, மின்னோட்டமும் மாறாது. மூன்று நான்கு செறிவுகளில் பதித்துப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. திரளைச் சரிபார்க்க எல்லோரும் கையிலெடுக்கும் தயோஃப்ளேவின்-டி சாயம், குவானின் நான்கு நான்காய் அடுக்கிய டி.என்.ஏ. மடிப்பிலும் ஒளிரும். அதை ஆப்டாமர் உள்ள குழாயில் ஊற்றினால் எது ஒளிர்கிறதென்றே தெரியாது.

ஒப்பீட்டுக்கு அதே எழுத்துகளை மாற்றி அடுக்கிய இழை ஒன்றும் அல்புமின் கரைசலும் வேண்டும். சிறுதிரளைவிடப் பல மடங்கு அதிகமாகத் தனிப்புரதத்தை ஊற்றியும் சோதியுங்கள். மின்னோட்டம் மாறினால் தேர்வுச் சுற்றுக்கே திரும்புங்கள். ரத்த நீரிலும் சோதிப்பதானால், அதில் டி.என்.ஏ.வை அரிக்கும் நொதிகள் உண்டு என்பதை மறவாதீர்கள்.

இவை எல்லாம் தேறிய பிறகே நோயாளியின் தண்டுவட நீரைக் கேளுங்கள். முதுகில் ஊசி குத்தி எடுத்துத் தரும் நீர் அது.