மீன் கண்ணிற் படலம்

பொன்மீனுக்கு இமை இல்லை. அதன் விழியின் மேற்றோல் இராப்பகல் நீரையே தொட்டுக்கொண்டிருக்கின்றது. நீரிற் பிழை நேரின் செவுளும் கண்ணும் அதனை முதலில் உணரும். செவுளின் துயர் மூடிக்குள் மறைந்திருக்க, கண்ணின் துயரே நமக்குப் புலனாகும்.

திருவள்ளுவர் மருந்தென்னும் அதிகாரத்துள் நோயறிதலை மருத்துவத்தின் முன் நிறுத்தினார். அம்முறையை யாம் ஒருகால் மறந்தேம். ஆய்வுச்சாலைக் கண்ணாடித் தொட்டியிலிருந்த பொன்மீன்களின் கண்களிற் புகைபோற் படலம் தோன்றியபோது, நீரைச் சோதியாமலே கிருமிகொல்லும் மருந்தைக் கலந்தேம். மூன்றாம் நாள் இரண்டு மீன்கள் மாண்டன. பின்னர்ச் சோதித்தபோது நீரில் அமோனியா மிகுந்திருந்தது. மீனின் கழிவைச் சிதைத்து நீரைக் காக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் எம் மருந்து அழித்திருத்தல் கூடும். அப்பிழையாற் கற்றதனை ஈண்டு முறைப்படுத்திக் கூறுகின்றோம்.

முதலாவது, படலம் எங்கே உளது? கைவிளக்கைப் பக்கத்திற் சாய்த்துப் பிடித்து நோக்குக. விழியின் மேற்பரப்பு மங்கியிருப்பின் நோய் வெளித்தோலில் உளது. மேற்பரப்பு தெளிந்திருக்கப் பாவையினுள் வெண்மணி போன்று தோன்றின், அஃது உள்வில்லையிற் படர்ந்த புரையாம். முதுமையும் உணவுக் குறையும் புரைக்குக் காரணமாகலாம். திறந்த குளத்து மீனாயின் கண்புழுவும் காரணமாகலாம். அப்புழு நீர்ப்பறவை, நத்தை, மீன் என மாறிமாறி வாழ்வதாகலின், மீனிலிருந்து மீனுக்கு நேரே தொற்றாது. நீரை மாற்றுதலாற் புரை நீங்காது.

இரண்டாவது, ஒரு கண்ணோ, இரு கண்ணோ? ஒரு மீனின் ஒரு கண் மட்டும் மங்கின், வலை உராய்தலாலோ கல்லில் மோதலாலோ நேர்ந்த காயமென முதலில் ஐயுறுக. பல மீன்களுக்கு இரு கண்களும் ஒருங்கே மங்கின் நீரையே ஐயுறுக.

மூன்றாவது, உடலில் வேறு குறி உண்டோ? கண் பிதுங்கல், செதில் சிலிர்த்தல், புண், இரை வெறுத்தல் ஆகியன கிருமிநோயைச் சுட்டும். கட்லா மீனுக்கு ஏரோமோனாஸ் என்னும் கிருமியால் வரும் கண்ணோய், மங்கலில் தொடங்கிக் கண்ணை அழுகச் செய்து மூளையையும் தாக்கும்.

சேலம், நாமக்கல் சமவெளியிற் பல ஊர்களின் கிணற்றுநீர் கடினமும் காரமும் உடையது; கோடை வெப்பமும் மிகுதி. 30 பாகை வெப்பமுள்ள நீரிற் பி.எச். அளவு 7-லிருந்து 8 ஆக உயரின், அமோனியாவில் நஞ்சாய் நிற்கும் பங்கு ஏறத்தாழ ஒன்பது மடங்காகும். 1934-இல் முடிவுற்ற மேட்டூர் அணையிலிருந்து குழாய்வழி வரும் காவிரி நீரிலோ குளோரின் கலந்திருக்கும். அதனை நீக்கிய பின்னரே தொட்டியில் விடுக.

அமோனியாவும் நைட்ரைட்டும் சிறிதும் இலவாதல் வேண்டும். அவை காணப்படின், இரையைக் குறைத்து, ஒத்த வெப்பமுள்ள நீரால் நாடோறும் காற்பங்கை மாற்றுக. வெளித்தோலின் மங்கல் பெரும்பாலும் சின்னாளில் தெளியும். தெளியாது கண் பிதுங்கின் கால்நடை மருத்துவரை நாடுக. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி உளது.

ஆற்று மீன் தீய நீரை விட்டு நீந்திப் போகும். தொட்டி மீனுக்குப் போக்கிடம் இல்லை. அதனை அடைத்து வைத்த நாமே அதன் நீருக்குப் பொறுப்பாவோம்.