கைப்பேசியைத் துடைக்கும் முன் கணக்கை எடுத்து வைப்போம்

ஒரு காலத்தில் கடைத் தொலைபேசி என்பது மண்டியில் விலை கேட்பதற்கும், லாரி புறப்பட்டதா என்று விசாரிப்பதற்கும் மட்டுமே பயன்பட்டது. இன்று கொள்முதல் பட்டியல், வாடிக்கையாளர் அனுப்பும் மளிகைச் சீட்டு, வங்கிக்குப் பணம் வந்த தகவல், ஜி.எஸ்.டி. பில்லின் நகல், பற்று வரவு ஆகிய எல்லாமே கைப்பேசிக்குள் போய்விட்டன. கல்லாப்பெட்டியும் பேரேடும் ஒன்றாகச் சேர்ந்த பொருள் அது. அது பழுதானால் என்ன செய்வது, எதைச் செய்யக் கூடாது என்பதை வணிகர்களாகிய நாம் ஓரளவு தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

எங்கள் கடையில் நடந்ததையே முதலில் சொல்லிவிடுகிறோம். சென்ற ஆண்டு ஒரு மாதக் கடைசியில் கடைக் கைப்பேசி மிகவும் மெதுவாகிவிட்டது. பில் போடும் நேரத்தில் திரை உறைந்து நிற்கும். பழுது பார்க்கும் ஒருவரிடம் கொடுத்தோம். "ரீசெட் பண்ணினால் சரியாகிவிடும்" என்றார். நாங்களும் தலையசைத்தோம். அரை மணி நேரத்தில் கைப்பேசி புதிது போலத் திரும்பி வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. கடைப்பையன் சில மாதங்களாகப் பற்று நோட்டில் எழுதுவதை விட்டுவிட்டு, சிட்டைகளைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தான் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பல ஆண்டு பழகிய வாடிக்கையாளரிடம் போய், "நீங்கள் எவ்வளவு தர வேண்டும்?" என்று அவரையே கேட்பது எவ்வளவு கூச்சமான காரியம் என்பது கடை நடத்துகிறவர்களுக்குத் தெரியும். பெரும்பாலோர் தாமாகவே தொகையைச் சொல்லிக் கொடுத்தார்கள். சிலரிடம் மாறுபாடு வந்தபோது அவர்கள் சொன்னதையே ஏற்றுக்கொண்டோம். வயதான ஓர் அம்மாள், தாம் கொடுத்த 1,200 ரூபாயை நாங்கள் மறந்துவிட்டோமோ என்று கலங்கி, இரண்டு முறை கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். பண நஷ்டத்தைவிட அதுதான் எங்களுக்கு வேதனையாக இருந்தது. இத்தனைக்கும் கைப்பேசியில் இருந்த கோளாறு, வாட்ஸ்அப் படங்களும் வீடியோக்களும் சேர்ந்து இடம் நிரம்பியதுதான். அவற்றை நீக்கியிருந்தாலே போதும்.

இரண்டு வேலைகள், இரண்டு பொருள்

ஃபேக்டரி ரீசெட் என்றால், நாம் கைப்பேசியில் சேர்த்த அனைத்தையும் அழித்துவிடுவது. கடையில் உள்ள சரக்கு, தராசு, கணக்கு நோட்டு எல்லாவற்றையும் அகற்றி, கட்டடத்தை மட்டும் விட்டுவைப்பது போன்றது. கைப்பேசியை இயக்கும் அடிப்படை மென்பொருள் அப்படியே இருக்கும். அந்த மென்பொருளிலேயே கோளாறு இருந்தால் ரீசெட்டால் அது தீராது.

ஃபர்ம்வேர் மறுபதிவு என்றால், அந்த அடிப்படை மென்பொருளையே கணினி வழியாகப் புதிதாக ஏற்றுவது. இது கட்டடத்தையே திரும்பக் கட்டுவது போன்றது. பெரும்பாலும் இதிலும் நம் தகவல்கள் அழிந்துவிடும்.

முக்கியமான ஒரு செய்தி: இன்றைய கைப்பேசிகளில் தகவல்கள் பூட்டிய வடிவில்தான் எழுதப்படுகின்றன. ரீசெட் செய்யும்போது அந்தப் பூட்டின் சாவியும் அழிந்துவிடுகிறது. ஆகவே, அழிந்த படங்களையும் கணக்குகளையும் மீட்டுத் தருகிறோம் என்று பணம் கேட்பவர்களை நம்பிவிடக் கூடாது.

ரீசெட்டுக்கு முன் பார்க்க வேண்டியவை

மருத்துவர் காய்ச்சலுக்கு எடுத்த எடுப்பில் அறுவை சிகிச்சை செய்வதில்லை. நாமும் சிறியதிலிருந்து பெரியதற்குப் போக வேண்டும்.

1. அணைத்து மறுபடி இயக்கிப் பார்ப்போம். திரை உறைந்து அணைக்கவே முடியாவிட்டால், பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பவர் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்துச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அது தானே மறுபடி தொடங்கும். இதனால் எதுவும் அழிவதில்லை.

2. சேமிப்பிடத்தைப் பார்ப்போம். இடம் ஏறக்குறைய நிரம்பிவிட்டால் கைப்பேசி தள்ளாடும். தேவையற்ற வீடியோக்களை நீக்கினாலே பாதிக் கோளாறு போய்விடும்.

3. ஒரே ஒரு செயலி மட்டும் தொல்லை கொடுத்தால், அமைப்புகளில் அந்தச் செயலிக்குரிய பக்கத்தில் 'கேஷ்' என்பதை மட்டும் நீக்கலாம். அதன் அருகில் உள்ள 'டேட்டா' என்பதைத் தொடக் கூடாது. கணக்குச் செயலியானால் உள்ளே உள்ள கணக்கும் போய்விடக் கூடும்.

4. எல்லாச் செயலிகளும் தடுமாறினால் 'சேஃப் மோட்' முறையில் இயக்கிப் பார்ப்போம். அதில் நாம் புதிதாக ஏற்றிய செயலிகள் இயங்கா. அப்போது கைப்பேசி சீராக ஓடினால், அண்மையில் ஏற்றிய ஏதோ ஒரு செயலிதான் காரணம். அதைக் கண்டு நீக்கினால் போதும்.

5. புளூடூத் பில் பிரிண்டர் இணையவில்லை, வைஃபை கிடைக்கவில்லை என்றால் 'நெட்வொர்க் ரீசெட்' மட்டும் செய்யலாம். வைஃபை கடவுச்சொல்லும் புளூடூத் இணைப்புகளும் போகும். படங்களும் கணக்கும் அப்படியே இருக்கும்.

6. சார்ஜ் ஏறவில்லை என்றால் துவாரத்தைப் பார்ப்போம். மளிகைக் கடையில் மாவுத் தூசியும் மிளகாய்ப் பொடியும் அதற்குள் அடைத்துக்கொள்வது சகஜம். கைப்பேசியை அணைத்துவிட்டு, மெல்லிய மரக்குச்சியால் பதமாக எடுக்கலாம். பேட்டரி உப்பிப் பின்மூடி எழும்பியிருந்தால் சார்ஜ் போடுவதை உடனே நிறுத்தி, பேட்டரியை மாற்ற வேண்டும். இத்தகைய பழுதுகளை எந்த ரீசெட்டும் சரிசெய்யாது.

பொறுமையின் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2021 மார்ச் 22, 23 தேதிகளில் உலகின் பல பகுதிகளில் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஜிமெயில் முதலிய செயலிகள் திறந்த உடனேயே மூடிக்கொண்டன. கூகுளின் 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ' என்ற பகுதியில் ஏற்பட்ட பிழையே காரணம். கூகுள் அதைத் திருத்தி வெளியிட்டது. பிளே ஸ்டோரில் அதையும் குரோமையும் புதுப்பித்தவுடன் எல்லாம் சரியாயிற்று. அவசரப்பட்டு ரீசெட் செய்தவருக்கு நஷ்டம்தான் மிச்சம். ஆகவே, திடீரென்று கோளாறு வந்தால், பக்கத்துக் கடைக்காரருக்கும் அப்படியா என்று ஒரு வார்த்தை விசாரிப்பது நல்லது.

தகவலை எடுத்து வைக்கும் முறை

ரீசெட் தவிர வழியில்லாத வேளையும் வரும். 2024 அக்டோபர் தொடக்கத்தில் சாம்சங் கேலக்ஸி எஸ்10, நோட்10 வகைக் கைப்பேசிகள் சில, ஒரு செயலிப் புதுப்பிப்பு வந்தபின் திறக்கவே முடியாமல், நிறுவனச் சின்னம் தோன்றுவதும் அணைவதுமாகச் சுழன்றுகொண்டிருந்தன. பலர் ரீசெட் செய்தே மீட்டனர். முன்கூட்டியே நகல் வைத்திருந்தவர்கள் தப்பினர். பழுது வந்தபின் நகல் எடுக்க முடியாமற்போகலாம் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

தொடர்பு எண்கள்: கைப்பேசியில் மட்டும் சேமிக்காமல் கூகுள் கணக்கில் சேமிக்க வேண்டும். அதே கணக்கை ஒரு கணினியில் திறந்து, எண்கள் அங்கே தெரிகின்றனவா என்று பார்த்தால் ஐயம் தீரும்.

வாட்ஸ்அப்: அமைப்புகளில் 'சாட் பேக்கப்' பக்கத்தில் கடைசியாக நகல் எடுத்த தேதியைப் பாருங்கள். கூகுள் இலவசமாகத் தரும் இடம் 15 ஜிபி. அது நிரம்பினால் நகல் எடுப்பது நின்றுவிடும். நாமோ ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்திருப்போம். நகலுக்குத் தனிக் கடவுச்சொல் வைத்திருந்தால் அதையும் எழுதி வைக்க வேண்டும். அது இல்லாமல் நகல் திறக்காது.

கணக்குச் செயலி: கணக்கு நிறுவனத்தின் சர்வரில் சேர்கிறதா, கைப்பேசியில் மட்டும் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வோம். எப்படியிருந்தாலும் மாதம் ஒரு முறை அறிக்கையாக எடுத்து, கணினியிலோ பென்டிரைவிலோ வைப்பது நல்லது. பற்று நிலுவையை ஒரு தாளில் அச்சிட்டு வைத்தால் அதைவிட நல்லது.

மெமரி கார்டு: ரீசெட்டுக்கு முன் கழற்றிவிட வேண்டும். ஆனால் அதைக் கைப்பேசியின் உள் சேமிப்பாகச் சேர்த்திருந்தால், ரீசெட்டுக்குப் பின் அதில் உள்ளதும் திறக்காது. முன்பே வேறிடத்தில் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரீசெட் செய்யும்போது

மாத முதல் வாரத்திலும் பண்டிகைக்கு முன்பும் இந்த வேலை வேண்டாம். கடை விடுமுறை நாளில், பேட்டரி 70 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது செய்வோம்.

கூகுள் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் கையில் இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல், திருடனைத் தடுக்கும் பொருட்டு, ரீசெட்டுக்குப் பின் பழைய கணக்கைக் கேட்கும் பூட்டு ஒன்று வைக்கப்பட்டுள்ளது. ஐபோனில் 2013 முதலே இத்தகைய பூட்டு உண்டு. கைப்பேசி வாங்கிய நாளில் விற்பனைக் கடைப் பையனே ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்திருப்பான். கடவுச்சொல் நமக்குத் தெரியாது. அந்நிலையில் ரீசெட் செய்தால் நம் கைப்பேசியே நமக்குத் திறக்காது. கடவுச்சொல்லைப் புதிதாக மாற்றியிருந்தால் ஒரு நாள் பொறுத்துச் செய்வது நலம்.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது சிம் கார்டைக் கழற்றிக்கொள்வோம். யுபிஐ ரகசிய எண்ணை யாருக்கும் சொல்ல வேண்டாம். "தகவல் அழியுமா?" என்று கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்குவோம். எங்கள் கடையில் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் இக்கட்டுரைக்கே வேலை இருந்திராது.

ஃபர்ம்வேர் ஏற்றுவது எப்போது?

ரீசெட் செய்த பின்னும் சின்னத்திலேயே சுழன்று நின்றாலோ, புதுப்பிப்பு பாதியில் நின்று கைப்பேசி எழாமல் கிடந்தாலோதான் இந்த வேலைக்குத் தேவை. இதை நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் செய்துகொள்வதே நமக்கு ஏற்றது.

காரணம் உண்டு. ஒரே பெயரில் விற்கும் கைப்பேசிக்கு நாட்டுக்கு நாடு வெவ்வேறு மாடல் எண்கள் இருக்கும். மாடல் எண் மாறிய மென்பொருளை ஏற்றினால் கைப்பேசி அடியோடு செயலிழக்கலாம். ஏற்றும்போது கேபிள் கழன்றாலும் ஆபத்துதான். அங்கீகாரமற்ற மென்பொருள் ஏற்றிய கைப்பேசியில் வங்கிச் செயலிகள் பல இயங்க மறுக்கும். யுபிஐ ஓடாத கைப்பேசியால் கடைக்கு என்ன பயன்? கொடுக்கும் முன் *#06# அழுத்தி, வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் குறித்துக்கொள்வோம். திரும்பி வந்தபின் அதே எண் இருக்க வேண்டும். அதை மாற்றுவது சட்டப்படி குற்றம்.

மறுபடி கடை திறக்கும்போது

கைப்பேசி இல்லாத நேரத்திலும் கடையில் ஒட்டியுள்ள கியூஆர் அட்டைக்கு வரும் பணம் வங்கிக் கணக்குக்குப் போய்ச் சேரும். வரவை உறுதி செய்ய, வங்கியில் பதிவு செய்த சிம்மை ஒரு சாதாரண கைப்பேசியில் போட்டு, வங்கிக் குறுஞ்செய்தியைப் பார்த்துக்கொள்ளலாம்.

ரீசெட்டுக்குப் பின் யுபிஐ செயலியைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு நம் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போக வேண்டியிருப்பதால், ரீசார்ஜ் முடிந்திருந்தால் முதலில் அதைச் செய்துகொள்வோம். முதல் நாளில் நாம் அனுப்பும் தொகைக்கு வரம்பு இருக்கலாம். மொத்த வியாபாரிக்குப் பணம் கட்டும் நாளில் இதை நினைவில் கொள்ள வேண்டும். வாட்ஸ்அப்பை அதே எண், அதே கூகுள் கணக்கில் ஏற்றி, பழைய நகலை மீட்கவா என்று கேட்கும்போது மறுக்காமல் சம்மதிக்க வேண்டும்.

இப்போது எங்கள் கடையில் பற்று நோட்டு மறுபடியும் கல்லாப்பெட்டியின் பக்கத்தில் இருக்கிறது. இரவு கடை எடுத்து வைக்கும்போது கைப்பேசியில் உள்ளதை நோட்டோடு ஒத்துப் பார்க்கிறோம். பத்து நிமிடம் ஆகிறது. ஞாயிறுதோறும் கடைப்பையனே நகல் எடுத்து, தேதியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுகிறான்.

உறுப்பினர்கள் இன்று இரவே இரண்டு காரியம் செய்தால் போதும்: வாட்ஸ்அப்பில் கடைசி நகலின் தேதியைப் பாருங்கள்; கூகுள் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். கைப்பேசியைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். கணக்கைக் கடையில் வாங்க முடியாது.