விலா எலும்பும் மிதிவண்டியும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (விலங்கியல்) மாணவி

முன்னுரை

நம் கல்லூரி மாணவ மாணவியரில் பலருக்குக் காலைப்பொழுது மிதிவண்டியில்தான் தொடங்குகிறது. வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை மிதித்து வந்து, அங்கே பெட்டிக்கடை ஓரமாக வண்டியைப் பூட்டிவிட்டுப் பேருந்து ஏறுகிறோம். நானும் அவ்வாறு வருபவளே. மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிக் கிழக்கே இருக்கிறது எங்கள் ஊர். பேருந்து நிற்கும் இடம் அங்கிருந்து மேற்கே நான்கு கிலோமீட்டர். பதினொன்றாம் வகுப்பில் அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டிதான் இன்றுவரை என்னைச் சுமக்கிறது. பெண்களுக்குப் பேருந்தில் கட்டணம் இல்லை என்றாலும், பேருந்து நிற்கும் இடம் வரை போய்ச் சேர வேண்டுமே!

இந்த ஆண்டு சனவரியில் ஒருநாள் காலை உப்பளத்து வரப்பின்மேல் வந்துகொண்டிருந்தபோது சக்கரம் வழுக்கியது. மழைக்குப்பின் பாத்திகளை மிதித்துப் பதப்படுத்தும் காலம் அது. வரப்பில் களிமண் காய்ந்திருக்கவில்லை. கைப்பிடியின் முனை இடப்பக்க விலாவில் குத்த, அதன்மேலேயே விழுந்தேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், ஏழாவது, எட்டாவது விலா எலும்புகள் முறிந்துள்ளன, ஆனால் இடம் விலகவில்லை என்றார். "மறுபடியும் எப்போது சைக்கிள் ஓட்டலாம், டாக்டர்?" என்பதுதான் நான் கேட்ட முதல் கேள்வி. அதற்கு விடை தேடிப் படித்ததையும், என் உடம்பைக் கொண்டே கற்றதையும் நண்பர்களுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

விலாக்கூட்டின் அமைப்பு

மனிதனுக்கு விலா எலும்புகள் 12 இணை. பின்புறம் அனைத்தும் முதுகெலும்போடு மூட்டாக இணைந்துள்ளன. முன்புறத்தில் முதல் 7 இணைகள் தத்தம் குருத்தெலும்பால் மார்பெலும்பை நேரே அடைகின்றன. 8, 9, 10 ஆம் இணைகள் தமக்கு மேலுள்ள குருத்தெலும்போடு சேர்கின்றன. கடைசி இரண்டு இணைகளும் முன்புறம் எதனோடும் சேராமல் நிற்கின்றன.

இக்கூடு இதயத்தையும் நுரையீரலையும் காக்கும் வேலி என்று பள்ளியிலேயே படித்தோம். ஆனால் வேலி அசையாது. விலாக்கூடோ ஓயாமல் அசைகிறது. மூச்சை உள்ளிழுக்கும்போது உதரவிதானம் கீழிறங்குகிறது. விலாக்களுக்கு இடையிலுள்ள தசைகள் அவற்றை மேலே தூக்குகின்றன. கீழ் விலாக்கள் வாளியின் கைப்பிடியைத் தூக்குவதுபோல் பக்கவாட்டில் விரிகின்றன. மார்பறை பெரிதாவதால் வெளிக்காற்று உள்ளே புகுகிறது.

முதலாண்டில் தவளையின் எலும்புக்கூட்டைப் பார்த்தது நினைவிருக்கும். அதற்கு நம்மைப்போல விலாக்கூடு கிடையாது. ஆகவேதான் அது வாயின் அடித்தளத்தை ஏற்றி இறக்கிக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. நமக்கு அந்த வழி இல்லை. விலாக்கள் அசைந்தால்தான் மூச்சு ஆழமாகும்.

நிமிடத்துக்கு 15 முறை மூச்சு விடுகிறோம் என்று கொண்டால், ஒரு நாளில் 21,600 முறை இந்த எலும்புகள் ஏறி இறங்குகின்றன. கை முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைக்கலாம். விலா முறிந்தால் அதை ஒரு நிமிடம்கூட ஓய்வாக வைக்க இயலாது. விலா முறிவின் சிக்கல் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

இறுகக் கட்டலாமா?

நான் வீடு திரும்பிய அன்று மாலையே, என் தந்தையார் தம் பெரிய துண்டை நீளவாக்கில் மடித்துக்கொண்டு வந்தார். "கண்ணு, இறுக்கிக் கட்டினா வலி தெரியாது" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. கட்டினால் விலா அசைவு குறையும்; அசைவு குறைந்தால் வலியும் குறையும். ஒரு காலத்தில் மருத்துவர்களே மார்பைச் சுற்றிப் பட்டை ஒட்டினார்கள். பின்னர் அது கைவிடப்பட்டது.

ஏன் கைவிட்டார்கள்? கட்டிய மார்பு முழுமையாக விரிவதில்லை. நுரையீரலின் அடிப்பகுதிக்குக் காற்றுச் சரியாகச் செல்லாமல் சிறு காற்றறைகள் சுருங்கிவிடுகின்றன. இருமவும் முடியாததால் சளி தேங்குகிறது. தேங்கிய சளியில் கிருமிகள் பெருகி நிமோனியா வருகிறது. விலா முறிவால் இறப்பவர்களில் பலர் எலும்பினால் இறப்பதில்லை. நுரையீரலில் பின்னால் வரும் இத்தகைய கேட்டினால் இறக்கிறார்கள்.

இதை எங்கள் குடும்பம் அனுபவித்திருக்கிறது. நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, உப்பு மூட்டை ஏற்றும் லாரியிலிருந்து தந்தையார் தவறி விழுந்தார். ஊரில் ஒருவர் மார்பை இறுகக் கட்டிவிட்டார். ஒரு நாள் கூலியும் போகக்கூடாது என்று பத்தாம் நாளே அளத்துக்குப் போனார். மூன்றாம் வாரம் குளிர்காய்ச்சல். நுரையீரலில் சளி கட்டி, அந்த உப்புப் பருவம் முழுவதும் அவரால் வேலைக்குப் போக இயலவில்லை. பத்தாம் வகுப்பில் இருந்த என் அக்கா அம்மாவோடு அளத்துக்குச் சென்றாள். பிறகு பள்ளிக்குத் திரும்பவே இல்லை. இன்று எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்தவள் நான் ஒருத்திதான்.

ஆகவே துண்டை வாங்கி அவர் மார்பிலேயே இறுகக் கட்டினேன். "இப்போ ஆழமா மூச்சு இழுங்கப்பா" என்றேன். இழுத்துப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது. "நல்லா இருக்கிறவனுக்கே முட்டுதே" என்று சொல்லி, தாமே முடிச்சை அவிழ்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

செய்ய வேண்டியவை

விலா முறிவுக்கு முதன்மையான மருந்து மூச்சுதான். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு முறை, மெதுவாகப் பத்து ஆழ்ந்த மூச்சுகள் விட வேண்டும். இருமல் வந்தால் அடக்கக் கூடாது. ஒரு தலையணையை அடிபட்ட இடத்தில் அணைத்துப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். இறுகக் கட்டுவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு; இருமி முடித்ததும் தலையணையை எடுத்துவிடுகிறோம், மார்பு மறுபடியும் விரிகிறது.

வலி மாத்திரை விழுங்குவதை நம் வீடுகளில் பலவீனமாக நினைக்கிறார்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரையை அவர் சொன்ன அளவில் உட்கொள்வது வலியைத் தாங்க முடியாததால் மட்டும் அன்று. வலி இருந்தால் மூச்சு மேலோட்டமாகிவிடும் என்பதால். நாள் முழுவதும் படுத்தே கிடப்பதும் கூடாது. வீட்டுக்குள்ளும் வாசலிலும் நடக்க வேண்டும். புகைப்பவர்கள் அதை நிறுத்த வேண்டும்.

சில அறிகுறிகள் தோன்றினால் காத்திருக்கவே கூடாது: மூச்சுத் திணறல் மிகுதல், இரத்தம் கலந்த சளி, காய்ச்சலோடு மஞ்சள் அல்லது பச்சை நிறச் சளி, வயிற்றிலோ தோளிலோ பரவும் வலி. முறிந்த எலும்பின் முனை நுரையீரலைக் குத்தியிருக்கலாம். கீழ் விலாக்களுக்கு அடியில் இடப்பக்கம் மண்ணீரலும் வலப்பக்கம் கல்லீரலும் உள்ளன, அவை காயமுற்றிருக்கலாம். இத்தகைய கேடு சில நாள் கழித்தும் வெளிப்படுவதுண்டு. எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை என்பதாலும் அலட்சியம் கூடாது. விலா முறிவு பல சமயம் முதல் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை.

மிதிவண்டியும் விலாவும்

மிதிப்பது கால்தானே, விலாவுக்கு என்ன வேலை என்று நானும் எண்ணினேன். மூன்று வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, மூச்சு. ஓய்வில் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றுப் போதும். விரைந்து மிதிக்கையில் அது பல மடங்காகிறது. இரண்டாவது, பிடிப்பு. மார்பு, முதுகு, அக்குள் பக்கத்துப் பெரிய தசைகள் பல விலா எலும்பிலிருந்தே புறப்படுகின்றன. மிதியின்மேல் எழுந்து நின்று கைப்பிடியை இழுக்கும்போது அவை விலாவையும் இழுக்கின்றன. மூன்றாவது, அதிர்ச்சி. பள்ளத்தில் சக்கரம் விழும் குலுக்கல் கை வழியாகவும் இருக்கை வழியாகவும் மார்புக்கூட்டை எட்டுகிறது. இவை அனைத்தையும்விடப் பெரிய ஆபத்து, மறுபடியும் விழுவது. பாதி கூடிய எலும்பு அதே இடத்தில் அடிபட்டால் இடம் விலகலாம்.

முறிந்த எலும்பு எவ்வாறு கூடுகிறது? முதலில் முறிவைச் சுற்றி இரத்தம் உறைகிறது. இரண்டு மூன்று வாரங்களில் நார்த்திசுவும் குருத்தெலும்பும் கலந்த மென்மையான பாலம் அமைகிறது. ஏறத்தாழ ஆறு வாரத்தில் அப்பாலம் எலும்பாகக் கெட்டிப்படுகிறது. சிலருக்குப் பன்னிரண்டு வாரம் வரை ஆகலாம். பிறகும் மாதக்கணக்கில் எலும்பு தன்னைச் செப்பனிட்டுக்கொள்கிறது. மூன்றாம் வாரத்தில் வலி குறைவதால் கூடிவிட்டது என்று நம்பிவிடுகிறோம். அப்போது இருப்பது மென்மையான பாலமே.

நான் செய்த தவறு

மூன்றாம் வாரம் முதல் கல்லூரிக்கு வரத் தொடங்கினேன். நான்கு கிலோமீட்டரும் நடைதான். பக்கத்து வீட்டுத் தம்பி என் புத்தகப் பையைத் தூக்கி வந்தான். போக ஒரு மணி, வர ஒரு மணி. முதல் பாடவேளை அடிக்கடி தவறியது. வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போய்விடுமோ என்ற அச்சம் என்னை வாட்டியது.

ஐந்தாம் வாரம் ஒரு காலையில் யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்தேன். காற்றே இல்லாத நேரம். வலியின்றிப் பேருந்து நிறுத்தம் வந்துவிட்டேன். வென்றுவிட்டதாக நினைத்தேன். மாலையில் திரும்பும்போதுதான் கடற்காற்று எதிரே நின்றது. எங்கள் பகுதியில் நண்பகலுக்குப்பின் கிழக்கிலிருந்து வீசும் காற்றை அளத்தில் வேலை செய்பவர்கள் அனைவரும் அறிவர். நான் கிழக்கு நோக்கி அல்லவா போக வேண்டும்! மூச்சு இரைத்தது. எழுந்து நின்று மிதித்தேன். இரண்டாம் மிதியில் விலாவில் கத்தியால் குத்தியது போன்ற வலி. இறங்கி, வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். எஞ்சிய தொலைவை வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். எலும்பு விலகவில்லை என்று மருத்துவர் சொன்னபிறகுதான் உயிர் வந்தது. இன்னும் இரண்டு மூன்று வாரம் பொறுக்கச் சொன்னார்.

போகும் வழியை மட்டும் கணக்கிட்டேன். திரும்பும் வழியைக் கணக்கிடவில்லை. இதுவே என் தவறு.

மீண்டும் ஏறும் படிகள்

அதன்பின் ஒழுங்காகப் பின்பற்றிய முறை இது:

1. வண்டியை ஸ்டாண்டில் சமதரையில், சுவரோரம் நிறுத்தி, பின்சக்கரம் தரையில் படாமல் மெதுவாக மிதித்தல். அக்கா கேரியரைப் பிடித்துக்கொள்வாள். முதலில் ஐந்து நிமிடம், பிறகு பத்து, பிறகு இருபது. மிதித்தபடியே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும்.

2. சாலையில் இறங்குமுன் ஐந்து சோதனைகள்: முழு மூச்சு இழுத்தால் குத்தக் கூடாது, தலையணை இன்றி இரும முடிய வேண்டும், அடிபட்ட பக்கம் படுக்க முடிய வேண்டும், தோளுக்குமேல் திரும்பிப் பின்னால் வரும் வண்டியைப் பார்க்க முடிய வேண்டும், இரு கையாலும் பிரேக்கை அழுத்திக் கைப்பிடியில் சாய முடிய வேண்டும். ஒன்று தவறினாலும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும். மயக்கம் தரும் மாத்திரை உட்கொள்ளும் நாட்களில் வண்டியைத் தொடவே கூடாது.

3. முதல் சவாரி காற்றில்லாத காலையில், தார்ச்சாலையில், அரைக் கிலோமீட்டர். எவ்வளவு போகிறோமோ அவ்வளவு திரும்ப வேண்டும் என்று எண்ணிப் பாதியில் திரும்புதல். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் தொலைவைக் குறைத்தல்.

4. இருக்கையைத் தாழ்த்தி, உட்கார்ந்தபடியே கால் தரையில் ஊன்றுமாறு வைத்தல். புத்தகங்கள் முதுகில் வேண்டா. கேரியரில் வைத்துக் கட்டுதல். யாரையும் பின்னால் ஏற்றாதிருத்தல். எதிர்க்காற்றில் எழுந்து மிதிக்காமல், இறங்கித் தள்ளுதல்.

எட்டாம் வாரம் முழுத் தொலைவும் உட்கார்ந்தே ஓட்டினேன். வரப்பு வழியை விட்டுத் தார்ச்சாலையைச் சுற்றி வந்ததால் ஒரு கிலோமீட்டர் கூடுதல்.

உலக வீரர் ஒருவர்

டென்மார்க் நாட்டு வீரர் யோனாஸ் விங்கெகோர் 2022, 2023 ஆம் ஆண்டுகளில் டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயத்தை வென்றவர். 2024 ஏப்ரல் 4 அன்று ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் நடந்த பந்தயத்தில் வேகமாக இறங்குகையில் விழுந்தார். காறை எலும்பும் பல விலா எலும்புகளும் முறிந்தன, நுரையீரலும் காயமுற்றது. 12 நாட்கள் மருத்துவமனையில் இருந்தார். சூன் 29 அன்று தொடங்கிய டூர் டி பிரான்சில் கலந்துகொண்டு, ஒரு நாள் ஓட்டத்தில் முதலாவதாகவும் மொத்தத்தில் இரண்டாவதாகவும் வந்தார்.

இதைக் கேட்டு, "அவ்வளவு பெரிய காயத்திலிருந்தே எழுந்தாரே, நமக்கு என்ன?" என்று துணியக் கூடாது. விழுந்ததற்கும் அடுத்த பந்தயத்துக்கும் இடையே 12 வாரங்கள் கழிந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். அருகிலேயே மருத்துவரும் பயிற்சியாளரும் இருந்த அவருக்கே அவ்வளவு காலம் தேவைப்பட்டது.

முடிவுரை

எழுந்து நடக்க முடிந்தால் வேலைக்குப் போகலாம் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. கூலி நாள்தோறும் வருவதால் அந்தக் கணக்கு பிறந்தது. அதைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் பத்தாம் நாளில் எழுந்து போனதால் என் தந்தையார் ஒரு பருவத்தையும், என் அக்கா தன் படிப்பையும் இழந்தார்கள். அவர் ஆறு வாரம் பொறுத்திருந்தால் ஒருவேளை அக்காவின் பெயரும் ஏதேனும் ஒரு கல்லூரி மலரில் வந்திருக்கும்.

நண்பர்களே, உங்கள் வீட்டில் எவரேனும் விலாவில் அடிபட்டு வந்தால், முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். துண்டால் கட்ட வருபவரைத் தடுத்து, ஏன் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். அவருக்கு ஒரு தலையணையையும், மணிக்கொரு முறை பத்து மூச்சு விட நினைவூட்டும் ஓர் ஆளையும் கொடுங்கள். எங்கள் வீட்டில் அந்த ஆளாக இருந்தவர் என் தந்தையாரே.