பேட்டரி மறுசுழற்சி ஆலை: எதிர்ப்பு எப்போது பயன் தரும்?

கேள்வி: பழைய வாகன பேட்டரிகளை உருக்கி ஈயம் பிரிக்கும் ஆலை ஊருக்கு அருகே வரப்போகிறது என்ற செய்தி பரவியதும் கிராமத்தார் எதிர்க்கத் தொடங்கிவிடுகின்றனர். மறுசுழற்சி சுற்றுச்சூழலுக்கு நன்மை என்று அரசே சொல்லும்போது இந்த எதிர்ப்பில் நியாயம் உண்டா? சட்டப்படி மக்கள் தம் கருத்தை எங்கே, எப்போது பதிவு செய்ய வேண்டும்?
— வாசகர், திருவள்ளூர் மாவட்டம்

பதில்: மறுசுழற்சி தேவை என்பதும், அந்த ஆலை தம் வீட்டருகே வேண்டாம் என்று ஊரார் சொல்வதும் ஒன்றையொன்று மறுக்கும் கூற்றுகள் ஆகா. வாகனங்களிலும் இன்வெர்ட்டர்களிலும் உள்ள ஈய-அமில பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயமே. அந்த உலோகத்தை எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாமல் மீண்டும் பேட்டரியாக்க முடியும் என்பதால், சுரங்கத்தில் புதிதாகத் தோண்டுவதைவிட மறுசுழற்சியே சிக்கனமானது. பயன்படுத்தித் தீர்ந்த பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்தும் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2001ஆம் ஆண்டின் பழைய விதிகளுக்கு மாற்றாக 2022இல் நடைமுறைக்கு வந்தன.

இங்கு ஈயம் என்பது காரீயத்தைக் குறிக்கிறது; ரசம் வைக்கும் ஈயச் சொம்பு செய்யப் பயன்படும் வெள்ளீயம் வேறு உலோகம். ஆலையில் பேட்டரி உடைக்கப்பட்டு, கந்தக அமிலமும் பிளாஸ்டிக் உறையும் பிரிக்கப்பட்டபின், தகடுகளும் அவற்றின் மேல் பூசப்பட்ட ஈயச் சேர்மப் பசையும் உலைக்குச் செல்கின்றன. தூய ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்றாலும், பசையில் சேர்மமாக இருக்கும் ஈயத்தை உலோகமாக மீட்க அதைவிடப் பன்மடங்கு வெப்பம் வேண்டியிருப்பதால், உலையிலிருந்து ஈய ஆவி எழுந்து, குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாகிறது. அதைப் பிடித்து நிறுத்துவது புகைபோக்கிக்கு முன் அமைக்கப்படும் பை வடிகட்டி, அதாவது காற்றைத் துணிப்பைகளின் வழியே செலுத்தித் தூசியைப் பிரிக்கும் கருவியாகும். அது பழுதடைந்தாலோ, இரவில் நிறுத்தி வைக்கப்பட்டாலோ, உலைக் கசடு திறந்தவெளியில் குவிக்கப்பட்டாலோ, துகள் அக்கம்பக்கத்து மண்ணில் படிகிறது. மண்ணில் படிந்த ஈயம் மட்கிப் போவதில்லை.

உடலுக்குள் புகும் ஈயத்தில் இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. விழுங்கிய ஈயத்தைக் குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. மண்ணில் விளையாடிக் கையை வாயில் வைக்கும் வயதில் அவர்களின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுகிறது. எனவே ஊராரின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய வெர்னான் நகரில் இருந்த பேட்டரி உருக்காலையின் வரலாறு இதற்குச் சான்று. 1922 முதல் இயங்கிவந்த அந்த ஆலையைப் பின்னாளில் நடத்திய எக்சைட் டெக்னாலஜீஸ், இந்தியாவில் எக்சைட் என்ற பெயரில் இயங்கும் நிறுவனத்திலிருந்து வேறானது. முழு அனுமதி பெறாமல் தற்காலிக அனுமதியின் பேரிலேயே 30 ஆண்டுகளுக்கும் மேல் ஓடிய ஆலை, உழைக்கும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் மிகுந்த குடியிருப்புகளின் நெடிய போராட்டத்துக்குப் பிறகு, 2015இல் நிரந்தரமாக மூடப்பட்டது. ஆயினும் ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் ஆரத்துக்குள் 10,000 மனைகள் வரை மாசு படிந்திருக்கக்கூடும் என்று கணிக்கப்பட்டது. 2020இல் நிறுவனம் திவாலாகி, அந்த இடத்தைக் கைவிட நீதிமன்றம் இசைந்ததால், தூய்மைப்படுத்தும் சுமை பெரும்பாலும் பொதுப் பணத்தின் மீது விழுந்தது.

கென்யாவின் மொம்பாசா நகரில், ஓவினோ உஹுரு என்னும் ஏழைக் குடியிருப்பின் சுவரை ஒட்டி அமைந்த உருக்காலையின் கதை இன்னும் கூர்மையானது. அங்குப் பணியில் சேர்ந்து, சுற்றுச்சூழல் அறிக்கைப் பணியை ஏற்ற ஃபிலிஸ் ஒமிடோ, ஆலையை வேறிடத்துக்கு மாற்றப் பரிந்துரைத்தார். நிர்வாகம் அதை ஏற்கவில்லை. அவருடைய குழந்தையின் இரத்தத்திலேயே ஈயம் கண்டறியப்பட்டது. வேலையை விட்டு மக்களைத் திரட்டிய அவருக்கு 2015இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. 2020இல் கென்ய நீதிமன்றம் அம்மக்களுக்கு 130 கோடி ஷில்லிங் இழப்பீடு விதித்தது. மேல்முறையீட்டில் நீக்கப்பட்ட அத்தீர்ப்பை 2024 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மீட்டளித்தது. ஆலை 2014இலேயே மூடப்பட்டுவிட்டது என்பதை எண்ணினால், வந்தபின் வெல்வதற்கும் வருமுன் தடுப்பதற்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. முறையான ஆலை எங்குமே கூடாது என்று விரட்டப்பட்டால், பழைய பேட்டரி காயலான் கடை வழியாகக் கொல்லைப்புற உலைகளுக்குப் போகும். அங்கே அமிலம் மண்ணில் கொட்டப்படும், வடிகட்டி என்ற பேச்சே இராது. உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு இரத்தத்தில் கவலைக்குரிய அளவில் ஈயம் இருப்பதாக 2020இல் யுனிசெஃப் கூட்டாக வெளியிட்ட ஆய்வறிக்கை, இத்தகைய முறைசாரா உருக்கலை முக்கியக் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியது.

இந்தியச் சட்டத்தில் மக்களின் குரலுக்கு இடமளிப்பது 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. அதன்படி நச்சு உலோகங்களை உற்பத்தி செய்யும் ஆலைகள் ஆண்டுக்கு 20,000 டன்னோ அதற்கு மேலோ உற்பத்தித் திறன் கொண்டிருந்தால் ஒன்றிய அரசிடமும், குறைந்தால் பொதுவாக மாநில ஆணையத்திடமும் முன் அனுமதி பெற வேண்டும். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவைப்படும் திட்டங்களுக்கு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழ்களில் அறிவிக்க வேண்டும். வரைவு அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியிலும் கிடைக்க வேண்டும். ஆட்சியரோ அவர் பிரதிநிதியோ தலைமை தாங்கும் கூட்டம் முழுவதும் காணொளியாகப் பதிவாக வேண்டும். முடிவில் கூட்டக் குறிப்பு மக்களுக்குப் புரியும் மொழியில் வாசிக்கப்பட வேண்டும். ஆனால் முறையான ஒப்புதல் பெற்ற தொழிற்பேட்டைக்குள் அமையும் ஆலைகளுக்கு இக்கூட்டத்திலிருந்து விலக்கு உண்டு என்பதால், முன்மொழியப்பட்ட நிலம் எங்கே இருக்கிறது என்பதே முதலில் அறிய வேண்டிய செய்தியாகும். அனுமதி வழங்கப்பட்டுவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் உண்டு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை நீட்டிக்கப்படலாம்.

எதிர்ப்பவர்கள் ‘ஆலை வேண்டாம்’ என்ற ஒரு வரியோடு நிற்காமல், பள்ளியும் குடிநீர்க் கிணறும் எவ்வளவு தொலைவில் உள்ளன, காற்று எப்பக்கம் வீசுகிறது, கசடு எங்கே செல்லும், ஆலை மூடப்பட்டால் மண்ணைத் தூய்மைப்படுத்தும் வைப்புத் தொகையை யார் கட்டுவார் என்ற கேள்விகளை எழுத்தில் தந்து, ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும். ஆலை வருமுன் ஊர் மண்ணிலும் குழந்தைகளின் இரத்தத்திலும் இருக்கும் ஈய அளவைச் சோதித்துப் பதிவு செய்யக் கோருவதும் இன்றியமையாதது. அந்தப் பதிவு இல்லாத ஊரில், பின்னாளில் காணப்படும் நஞ்சு ஆலையால் வந்தது என்று மெய்ப்பிப்பது கடினம்.